அப்பாவின் நாலு கதவுக் கார்

எட்டு அங்குல மோட்டாருக்கு ரெசினில் பாடி வார்க்கும் கைவினைஞர்கள்

அமெரிக்காவில் ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருக்கு ஓர் ஆசை.

பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா ஒரு மோட்டார் கார் வைத்திருந்தார். 1957-ம் ஆண்டு செவர்லே. நாலு கதவு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பமே அதில் ஏறிக் கொள்ளும். முன்னால் அப்பாவும் அம்மாவும். பின்னால் மூன்று பிள்ளைகள். ஜன்னல் ஓரத்துக்காகப் போட்ட சண்டைகூட அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். அந்தக் காரைச் சின்னதாக, அச்சு அசலாக, தன் கையாலேயே செய்து அலமாரியில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

மாடல் சாமான் விற்கும் கடைக்குப் போகிறார். "1957 செவர்லே இருக்கிறதா?" என்று கேட்கிறார். இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று நான்கு விதம் இருக்கிறது. பெட்டியின் மேல் பளபளவென்று படம் போட்டிருக்கிறது.

ஆனால் எல்லாம் இரண்டு கதவுக் கார்கள்!

அப்பா ஓட்டிய நாலு கதவுக் கார் மட்டும் எங்கே? இப்படித் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பிய தாத்தாக்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்காகவே ஒரு சின்னஞ்சிறு கைத்தொழில் பிறந்தது. கார் கொட்டகையிலும் நிலவறையிலும் ஒருவர் இருவராக உட்கார்ந்து, ரெசின் என்னும் பொருளில் கார் பாடி வார்க்கும் தொழில் அது.

பெட்டிக்குள் ஒரு கார்

முதலில் மாடல் பெட்டி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

அது கடையில் வாங்கி உருட்டி விளையாடும் பொம்மை அல்ல. பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. காரின் உறுப்புகள்தான் இருக்கும். என்ஜின் தனி, சேஸிஸ் தனி, சக்கரம் தனி, ஸ்டியரிங் தனி. ஏறக்குறைய நூறு துண்டுகள். அவற்றை வெட்டி எடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்துக் காராக்க வேண்டும். அதுதான் அதில் உள்ள இன்பம்.

அமெரிக்க மாடல் கார்களில் பெரும்பாலானவை அசல் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 1957 செவர்லே காரின் நீளம் 200 அங்குலம். அதை 25-ஆல் வகுத்தால் 8 அங்குலம். ஒரு சாண் நீளத்தில் ஒரு முழுக் கார்!

இந்தக் கணக்கில் ஒரு ஆபத்தும் உண்டு. மாடலில் ஒரு மில்லிமீட்டர் தப்பு செய்தால் அசல் காரில் அது ஓர் அங்குலத் தப்பு. கூரை ஓர் அங்குலம் தாழ்ந்தால் அந்தக் காரை ஓட்டியவருக்கு உடனே தெரிந்துவிடும். "என்னவோ சரியில்லையே!" என்பார்.

வருஷத்துக்கு ஒரு முகம்

மாடல் கார்த் தொழிலின் தாயகம் டெட்ராயிட் நகரமும் அதன் சுற்றுப்புறமும். அசல் கார்கள் பிறந்த இடமும் அதுதான். அங்கே மிச்சிகன் மாநிலத்தில் 1948-ம் ஆண்டு ஏ.எம்.டி. என்ற கம்பெனி தொடங்கியது. "அலுமினியம் மாடல் டாய்ஸ்" என்பதன் சுருக்கம் அது. முதலில் அலுமினியத்தில்தான் சிறிய கார்களை வார்த்தார்கள். சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள்.

அந்தச் சிறிய கார்களை வாங்கியவர்கள் யார் தெரியுமா? கார் வியாபாரிகள்! புதுக் கார் பார்க்க அப்பா வருவார். கூடவே பையனும் வருவான். பையன் கையில் ஒரு குட்டிக் காரைக் கொடுத்துவிட்டால் போதும். வீட்டுக்குப் போனதும் அப்பாவை நச்சரிக்கும் வேலையை அவன் பார்த்துக் கொள்வான். நல்ல வியாபாரத் தந்திரம்!

1958-ல் ஏ.எம்.டி. அடுத்த படிக்குப் போயிற்று. அந்த ஆண்டுக் கார்களையே துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்றது. ஒரே பெட்டியில் மூன்று வழி. கம்பெனியில் இருந்து வந்தபடியே கட்டலாம். அலங்காரக் காராகக் கட்டலாம். பந்தயக் காராகவும் கட்டலாம். பையன்கள் விழுந்தடித்துக் கொண்டு வாங்கினார்கள். டெட்ராயிட் வட்டாரத்தில் ஜோ-ஹான், பிறகு எம்.பி.சி. என்று வேறு கம்பெனிகளும் போட்டிக்கு நின்றன.

அது அமெரிக்கக் கார்களின் ஆடம்பரக் காலம். வருஷா வருஷம் கார்களின் முகம் மாறிக் கொண்டே இருந்தது. 1957 செவர்லேயின் வால் மட்கார்டு மீன் துடுப்பு போல நிமிர்ந்து நின்றது. 1958-ல் அந்தத் துடுப்பு அடங்கிவிட்டது. 1959-ல் அதே கம்பெனிக் காருக்கு வௌவால் சிறகு விரித்தாற்போல் பின்புறம். முந்தின வருஷக் கார் பழசு என்று ஜனங்கள் நினைக்க வேண்டும், புதிது வாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அசல் கார் மாறினால் மாடலும் மாற வேண்டும் அல்லவா? இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

அச்சை வெட்டினார்கள்!

பிளாஸ்டிக் மாடலை உருக்கு அச்சில் வார்க்கிறார்கள். உருகிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பாடி விழும். லட்சம் பாடி வார்த்தாலும் அச்சு தேயாது. ஆனால் அப்படி ஒரு அச்சைச் செதுக்க மாதக் கணக்கில் ஆகும். பணம் கொள்ளை கொள்ளையாகச் செலவாகும்.

ஆண்டுக்கு ஓர் அச்சு புதிதாகச் செய்யக் கட்டுப்படியாகுமா? ஆகாது. ஆகவே கம்பெனிக்காரர்கள் ஒரு வழி செய்தார்கள். பழைய அச்சையே எடுத்தார்கள். முன்புறம் மாறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டினார்கள். பின் விளக்கு மாறியிருந்தால் அங்கே உருக்கை நிரப்பி மறுபடி செதுக்கினார்கள். புது வருஷத்துக் கார் தயார்!

பழைய வருஷத்துக் கார்?

அது தொலைந்தது. அதை இனி யாராலும் அந்த அச்சில் வார்க்க முடியாது.

1960-களில் இப்படி எத்தனையோ அச்சுகள் உருமாறின. சில அச்சுகளின் கதி இன்னும் பரிதாபம். பந்தயக் கார் மோகம் வந்தபோது, அமைதியான குடும்பக் காரின் அச்சை எடுத்து, சக்கரம் இருக்கும் இடத்தை அகலமாகக் கொத்தி, பந்தயக் காராக்கிவிட்டார்கள். அன்றைக்கு அது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. சின்னப் பையன்கள் வாங்கும் சாமான்தானே! அறுபது வருஷம் கழித்து ஒரு கிழவர் வந்து கேட்பார் என்று யார் கண்டார்கள்?

வியாபாரிகள் கொடுத்த குட்டிக் கார்களாவது மிஞ்சினவா என்றால், அதிலும் ஒரு சங்கடம். 1950-களில் அவற்றை அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் நாளாக ஆகச் சுருங்கி முறுக்கிக் கொள்ளும். பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்த காரைத் திறந்து பார்த்தால், பொரித்த அப்பளம் போல வளைந்து கிடக்கும்.

நாலு கதவுக்கு இடமில்லை

தொலைந்து போனவை ஒரு வகை. பிறக்காமலே போனவை இன்னொரு வகை. தாத்தாவின் கார் இந்த இரண்டாம் வகை.

மாடல் பெட்டிகளை வாங்கியவர்கள் பத்து வயதில் இருந்து பதினாறு வயது வரை உள்ள பையன்கள். அந்த வயதில் யார் நாலு கதவுக் குடும்பக் காரைக் கனவு காண்பார்கள்? கூரை திறந்த கார் வேண்டும். சீறிப் பாயும் இரண்டு கதவுக் கார் வேண்டும். கம்பெனிகளும் அவற்றையே செய்தன. நாலு கதவு மாடல் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மிக அபூர்வம்.

சாலையில் ஓடியது எது? அதுதான் வேடிக்கை. 1957-ம் ஆண்டு செவர்லேயில் 'பெல் ஏர்' என்பது உயர்ந்த ரகம். அந்த ரகத்தில் சாதாரண நாலு கதவு செடான் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. கூரை திறக்கும் கார் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 'நோமாட்' என்று இரண்டு கதவு வைத்த ஒரு நாகரிகமான வேகன் இருந்தது. அது ஆறாயிரம் சொச்சம்தான். அந்த ஆறாயிரம் காருக்கு மாடல் பெட்டி உண்டு. இரண்டரை லட்சம் காருக்கு இடம் இல்லை!

அசல் கார்களுக்கும் இதே கதிதான். பழைய கார் சேகரிப்பவர்கள் இரண்டு கதவுக் கார்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்தார்கள். நாலு கதவுக் கார்களைப் பிரித்து அவற்றின் உறுப்புகளை அதில் மாட்டினார்கள். குடும்பத்தைச் சுமந்த கார் கடைசியில் உதிரி சாமானாகப் போயிற்று. கியூபா நாட்டின் ஹவானா நகரில்தான் 1950-களின் நாலு கதவு செவர்லேக்களை டாக்ஸியாக இன்னும் ஓட்டிக் கொண்டிருக்கிறார்கள். புதுக் கார் எளிதில் வாங்க முடியாத ஊரில் நாலு கதவுக்கு மவுசு குறையவில்லை!

மேசை மேல் ஒரு பட்டறை

அமெரிக்கப் பையன்கள் வளர்ந்தார்கள். வேலைக்குப் போனார்கள். தலை நரைத்தது. கனவில் கண்ட பந்தயக் காரைவிட, பின் சீட்டில் தூங்கிக் கொண்டு போன குடும்பக் கார்தான் இப்போது நினைவில் நிற்கிறது. அந்தக் கார் கிடைக்கவில்லை. அவர்களில் கை சாதுரியம் உள்ள சிலர், "நாமே செய்தால் என்ன?" என்று கிளம்பினார்கள்.

உருக்கு அச்சு செய்ய அவர்களால் முடியாது. ஆனால் இரண்டு புதிய பொருள்கள் கைக்கு எட்டின. ஒன்று சிலிக்கோன் ரப்பர். மற்றொன்று பாலியூரிதேன் ரெசின். இரண்டையும் டப்பாவில் வாங்கி வீட்டிலேயே கலக்கலாம். அடுப்பு வேண்டாம். பெரிய யந்திரம் வேண்டாம். 1980-களில் இந்தத் தொழில் நன்றாக வேர் பிடித்துவிட்டது.

தாத்தா கேட்ட நாலு கதவு செவர்லேயையே எடுத்துக் கொள்வோம். அதை எப்படிச் செய்வது?

நல்ல வேளையாக, 1957 செவர்லேயில் இரண்டு கதவானாலும் நாலு கதவானாலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றுதான். 115 அங்குலம். ஆகவே கடையில் கிடைக்கும் இரண்டு கதவுப் பெட்டியின் சேஸிஸ், என்ஜின், சக்கரம் எல்லாம் அப்படியே பொருந்தும். பாடி மட்டும் புதிதாக வேண்டும்.

முதலில் ஒரு மூலப் பாடி தயாரிக்க வேண்டும். கடைப் பெட்டியின் இரண்டு கதவுப் பாடியை எடுத்து, கூரையை ரம்பத்தால் அறுத்துவிடுவார்கள். நாலு கதவுக்குரிய நிமிர்ந்த கூரையைப் பிளாஸ்டிக் தகட்டில் செய்து பொருத்துவார்கள். பழைய கதவின் கோட்டைப் பட்டி வைத்து அடைத்துவிட்டு, நாலு கதவுக்குப் புதிய கோடு கீறுவார்கள். கதவுகளுக்கு நடுவே தூண் நிறுத்துவார்கள். பிறகு பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். நம் ஊர்ப் பட்டறையில் அடிபட்ட காருக்கு நடக்கும் அதே வைத்தியம்தான். இங்கே எல்லாம் எட்டு அங்குலத்துக்குள்.

அளவுக்கு எங்கே போவது? பழைய விளம்பரத் தாள், குடும்பப் புகைப்படம் எல்லாம் உதவும். பழைய கார்க் கண்காட்சிக்கு இஞ்ச் டேப்போடு போய், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, கதவையும் ஜன்னலையும் அளந்து வருகிறவர்களும் உண்டு. மூலப் பாடி ஒன்றுக்குப் பல மாதம் பிடிப்பது சாதாரணம்.

கொழுக்கட்டை அச்சு மாதிரிதான்

மூலப் பாடி தயாரானதும் அச்சு எடுக்க வேண்டும்.

கார் பாடி ஒரு கூடு. வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம். ஆகவே அச்சும் இரண்டு பாகமாக இருக்க வேண்டும். பாடியின் உட்புறத்தைக் களிமண்ணால் அடைத்து, ஒரு பெட்டிக்குள் வைத்து, வெளிப்புறம் முழுவதும் சிலிக்கோன் ரப்பரை ஊற்றுவார்கள். களிமண்ணிலும் கவனம் வேண்டும். கந்தகம் கலந்த களிமண் சில வகை சிலிக்கோனுக்கு ஆகாது. ரப்பர் இறுகாமல் பிசுபிசுவென்றே இருந்துவிடும். பல மாத உழைப்பு வீண்!

இரவு முழுவதும் விட்டால் ரப்பர் இறுகிவிடும். பெட்டியைக் கவிழ்த்து, களிமண்ணை எடுத்துவிட்டு, ஒட்டாமல் இருக்க ஒரு மருந்து பூசி, உட்புறத்துக்கும் ரப்பர் ஊற்றுவார்கள். அதுவும் இறுகிய பிறகு இரண்டையும் பிரித்து, நடுவில் உள்ள பாடியை எடுத்துவிட்டால், அந்த இடம் வெற்றிடமாக இருக்கும். கொழுக்கட்டை அச்சில் மேல்மாவு நிற்குமே, அந்த இடம் போல. அந்த வெற்றிடத்தில்தான் ரெசின் நிற்க வேண்டும்.

ரப்பர் அச்சின் மகிமை என்னவென்றால், அது வளைந்து கொடுக்கும். மட்கார்டின் மடிப்பு, கதவுக் கைப்பிடியின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் புகுந்து பிரதி எடுக்கும். மூலத்தில் ஒரு விரல் ரேகை இருந்தால் அதுவும் வரும்! ஒரு தூசி இருந்தால் அதுவும் வரும்.

இனி வார்ப்பு. ரெசின் இரண்டு திரவமாக வருகிறது. இரண்டையும் சரியான அளவில் கலக்க வேண்டும். கலந்ததும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ரெசின்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் அவகாசம். அதற்குள் ஊற்றியாக வேண்டும். திரவம் சூடேறும். தெளிந்த தண்ணீர் போல் இருந்தது சட்டென்று பால் போல் வெளுக்கும். கெட்டியாகிவிடும். இருபது முப்பது நிமிடத்தில் அச்சைப் பிரித்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு செவர்லே!

எல்லாத் தடவையும் அப்படி வராது. காற்றுக் குமிழி புகுந்தால் கூரையில் ஓட்டை விழும். காற்றில் ஈரம் அதிகமானால் ரெசின் நுரைத்துக் கொள்ளும். இதற்காகவே கெட்டிக்காரர்கள் அச்சைக் கனத்த கொப்பரைக்குள் வைத்து, காற்றை அழுத்தமாக ஏற்றி, குமிழிகளை நசுக்கிவிடுகிறார்கள்.

ரப்பர் அச்சுக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு வார்ப்புக்கும் கொஞ்சம் காய்ந்து போகும். சில டஜன் பாடி வார்த்ததும் ஓரங்கள் கிழியத் தொடங்கும். பிறகு மூலத்தை எடுத்துப் புது அச்சு செய்ய வேண்டும். உருக்கு அச்சு லட்சம் போடும். ரப்பர் அச்சு முப்பது நாற்பதோடு சரி. ஆகவே ரெசின் பாடி ஒன்றின் விலை, பல சமயம் கடையில் விற்கும் முழு மாடல் பெட்டியின் விலையைவிட அதிகம். பாடியை மட்டும் கொடுத்துவிட்டு இவ்வளவு விலையா என்று புதிதாக வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். செய்முறையைப் பார்த்தவர்கள் சுளிப்பதில்லை.

வாங்கியவருக்கும் வேலை உண்டு

தபாலில் பாடி வந்து சேர்ந்துவிட்டது. தாத்தா பிரிக்கிறார். இனிமேல்தான் அவருடைய பொறுமைக்குச் சோதனை.

முதலில் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசிய மருந்து பாடியில் ஒட்டியிருக்கும். அதைக் கழுவாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. ஜன்னல் ஓரங்களில் மெல்லிய பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவ வேண்டும். ஊசி முனை அளவு குழிகள் இருந்தால் அடைக்க வேண்டும். பாடி லேசாக வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்தால் இளகும். கையால் நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் பிடித்தால் அப்படியே நின்றுவிடும்.

ஒட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாடல் பெட்டிப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிஸ்டைரீன். நாம் தெர்மாகோல் என்கிறோமே, அதே பொருள்தான் நுரைக்காமல் கெட்டியாக இருக்கிறது. அதற்கான பசை பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிடும். ரெசினை அந்தப் பசை தொடவே தொடாது. மாடலை நிமிர்த்தினால் பாடி கையில், சேஸிஸ் தரையில்! ரெசினுக்கு, விரலையே ஒட்டிவிடும் சூப்பர் குளு வேண்டும். அல்லது இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்சி வேண்டும்.

அளவையும் பார்த்து வாங்க வேண்டும். சில கம்பெனிகள் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்கின்றன. அந்தக் கணக்கில் 200 அங்குலக் கார் எட்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். அந்தச் சேஸிஸை எட்டு அங்குலப் பாடிக்குள் திணிக்கப் பார்த்தால் சக்கரம் மட்கார்டுக்கு நடுவில் நிற்காது.

குரோமியப் பூச்சு வேலை இன்னொரு கலை. 1950-களின் கார்களில் பளபளக்கும் பட்டைகள் ஏராளம். அவற்றுக்குப் பெயிண்ட் அடித்தால் அசல் பளபளப்பு வராது. காகிதத்தைவிட மெல்லிய, பின்புறம் பசை தடவிய உலோகத் தாளைப் பட்டையின் மேல் ஒட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் அழுத்தித் தேய்த்து, ஓரத்தைக் கூரிய கத்தியால் நறுக்குகிறார்கள். கை நடுங்குகிற வயதில் இது சுலபமா? பேரன் பேத்திகளின் உதவி இங்கேதான் வேண்டியிருக்கிறது.

விஷம் கவனம்!

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கலக்கும் ரெசினின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. சிலருக்கு உடம்பு ஒரு தடவை வெறுத்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே ஆஸ்துமா போல மூச்சு முட்டும். வார்ப்பவர்கள் கையுறையும் தகுந்த முகமூடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். சமையல் பாத்திரத்தில் ரெசின் கலக்கக் கூடாது. சமையலறையிலும் கூடாது.

இறுகிய பாடியில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் உப்புத்தாள் போடும்போது கிளம்பும் தூசி கெடுதல்தான். தண்ணீரில் நனைத்த தாளால் தேய்த்தால் தூசி பறக்காது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இதை மறக்கவே கூடாது.

பாடித் திருடர்கள்

இவ்வளவு பாடுபட்டு ஒருவர் மூலம் செய்கிறார். இன்னொருவர் அவரிடம் ஒரே ஒரு பாடி விலைக்கு வாங்குகிறார். வீட்டுக்குப் போய் அதையே மூலமாக வைத்து ரப்பர் அச்சு எடுக்கிறார். பாதி விலைக்கு விற்கத் தொடங்குகிறார்!

இது நடக்கிறது. அடிக்கடி நடக்கிறது. பல மாத உழைப்பை ஒரே இரவில் களவாடும் வேலை இது. மாடல்காரர்கள் மத்தியில் இதைவிடப் பெரிய சண்டை கிடையாது. இதனால் மனம் கசந்து தொழிலையே விட்டவர்களும் உண்டு.

திருட்டுக்கு ஒரு சாட்சி மட்டும் இருக்கிறது. ரெசின் இறுகும்போது சிறிதளவு சுருங்கும். பிரதிக்குப் பிரதி எடுத்தால் இன்னும் சுருங்கும். கூர்மையான கோடுகள் மழுங்கும். கடைப் பெட்டியின் சேஸிஸில் வைத்துப் பார்த்தால், நியாயமான பாடி சரியாக உட்காரும். திருட்டுப் பாடி இறுக்கிப் பிடிக்கும்.

ரெசின்காரர்கள் மட்டும் யோக்கியர்களா என்று ஒரு கேள்வி எழும். கம்பெனி செய்த பழைய மாடலின் பாடியை அப்படியே அச்செடுத்து விற்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். "அந்தக் கம்பெனி அச்சை அழித்துவிட்டதே, இனி அது கிடைக்கவே கிடைக்காதே" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். கடையில் இன்றும் விற்கும் மாடலைப் பிரதி எடுப்பதற்கு அந்தச் சமாதானம்கூடக் கிடையாது. உழைத்து உருமாற்றி நாலு கதவு வைத்தவர் வேறு, உள்ளதை உள்ளபடி அச்செடுத்தவர் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் அல்ல.

மறுபடியும் மறையுமா?

ரெசின் வார்ப்பது பெரும்பாலும் ஓரிருவர் தொழில். கணவன் வார்ப்பார். மனைவி பிசிறு சீவிப் பெட்டியில் அடைப்பார். மகன் வேறு வேலைக்குப் போய்விடுவான். வயதான பிறகு தொழிலை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அவர்களுடைய பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கான பாடிகள் ஒரே நாளில் கிடைக்காமல் போய்விடும். சில சமயம் வேறு ஒருவர் மூலங்களை விலைக்கு வாங்கித் தொடர்ந்து செய்கிறார். சில சமயம் மூலம் ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம் என்று சிதறிப் போகின்றன. வைத்திருந்தாலும் ரப்பர் அச்சு பல வருஷம் தாங்காது.

இப்போது கம்ப்யூட்டர் வந்து கை கொடுக்கிறது. காரைத் திரையிலேயே வரைகிறார்கள். ஒளி பட்டால் இறுகும் ஒருவகை ரெசினைத் தொட்டியில் ஊற்றி, அடுக்கடுக்காக இறுக வைத்து, பாடியை முழுசாக வெளியே எடுக்கிறார்கள். 2010-களுக்குப் பிறகு இந்த யந்திரம் வீட்டு மேசையில் வைக்கும் அளவுக்கும் விலைக்கும் வந்துவிட்டது. ரப்பர் அச்சே வேண்டாம். கிழிந்து போகும் கவலை இல்லை. வரைந்த கோப்பு இருக்கும் வரை எத்தனை பாடி வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய கம்பெனிப் பெயர்களிலேயே சில தொலைந்து போன மாடல்களுக்குப் புது உருக்கு அச்சு வெட்டித் திரும்ப விற்கவும் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் யந்திரம் போட்ட பாடியில் அடுக்குக் கோடுகள் மெல்லியதாகத் தெரியும். அதை உப்புத்தாள் போட்டு மழிக்காமல் பெயிண்ட் அடித்தால், கார் சீப்பு வாரியது போல இருக்கும். உப்புத்தாள் மட்டும் யாரையும் விடுவதில்லை!

தாத்தாவின் கார் முடியும் தறுவாயில் இருக்கிறது. மேலே வெள்ளை, கீழே பச்சை. அப்பாவின் காருக்கும் அதே இரு நிறம். பின் சீட்டு வைத்தாகிவிட்டது. நாலு கதவு, நாலு கைப்பிடி. பாக்கி இருப்பது ஒன்றுதான். நம்பர் பிளேட்.

அமெரிக்காவில் நம்பர் பிளேட் 12 அங்குல நீளம், 6 அங்குல உயரம். இருபத்தைந்தில் ஒரு பங்காக்கினால் அரை அங்குல நீளம், கால் அங்குல உயரம். ஒரு பழைய குடும்பப் புகைப்படத்தைப் பூதக் கண்ணாடியில் வைத்து, பம்பருக்கு மேலே மங்கலாகத் தெரியும் எண்களைத் தாத்தா ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பேத்தி எழுதிக் கொள்கிறாள். கடைசி எண் மட்டும் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. ஊரில் இருக்கும் தங்கைக்கு டெலிபோன் போட்டுக் கேட்கிறார் தாத்தா.

"எட்டு" என்கிறாள் தங்கை, யோசிக்காமலே.